பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். குடிநீர்க் குழாய், கழிப்பறைக் கதவு, பரிசளிப்பு விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு நாம் அதிகம் மெனக்கெட்டது 9-ஆம் வகுப்பின் மாணவர் சந்தைக்குத்தான். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

சந்தை நாள் நம் பள்ளிக்குப் புதிதல்ல. சுண்டல், மோர், வளையல் விற்பார்கள். அதிக லாபம் காட்டும் குழுவுக்குப் பரிசு. யாருக்குப் பரிசு என்பது முந்தின நாளே தெரிந்துவிடும். அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்தால் சரக்கு சும்மா வரும். அம்மா வீட்டிலிருந்தால் முறுக்கு சுட்டுத் தருவார். நம் ஊரான சின்னாளப்பட்டியில் பாதி வீட்டில் அம்மாவும் தறியிலோ சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதிலோ இருப்பார். அந்தப் பிள்ளைகளும், நூல் மில் வேலைக்காக வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் பெஞ்சு தூக்குவார்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவி போட்டோவில் மட்டும் இருப்பார். "தொழில்முனைவு என்ற பெயரில் வீட்டு வசதிக்கு மார்க் போடுகிறோம்" என்று ஓர் ஆசிரியை செயற்குழுவில் போட்டு உடைத்தார்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019-இல் தொழில்முனைவுக்கென்றே ஒரு பாடத்திட்டம் வந்தது. 2021-இல் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் விதைப்பணமும் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்துக்குக் கிடைத்த விளம்பரம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வியாபாரத்துக்கான முதல், பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரக்கூடாது என்ற யோசனை சரியானது. அதை நம் அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம். எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு முதல், சங்கத்தின் கைமாற்றாக. வீட்டுக் காசும் கூடாது, வீட்டுப் பலகாரமும் கூடாது. சரக்கைப் பிள்ளைகளே திண்டுக்கல் போய்ப் பில் போட்டு வாங்க வேண்டும். விற்றபின் முதலைத் திருப்ப வேண்டும். நஷ்டம் வந்தால் சங்கத்தின் தலையில்.

கடைசி விதிக்குச் செயற்குழுவில் சண்டையே நடந்தது. நஷ்டத்தை நாம் தாங்கினால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு எப்படி வரும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நூறு ரூபாய் போனால் வீட்டில் அடி விழும் என்று பயப்படும் பிள்ளை கல்லாவுக்குப் பக்கத்திலேயே வராது. அன்று மழை பிடித்துக்கொண்டதில் மோர் விற்ற குழுவுக்கு நஷ்டம். இந்த முறை பரிசு லாபத்துக்கு இல்லை, கணக்குக்கு. எங்கே, எதனால் காசு போனது என்று வரிக்கு வரி எழுதியிருந்த அந்த மோர்க் குழுவுக்கே பரிசு போனது.

வாங்குவது, விற்பது, கல்லா, கணக்கு என எல்லோரும் எல்லா வேலையையும் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்றும் விதி வைத்தோம். அப்புறம்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. பார்வையற்ற மாணவர் கல்லாவில் உட்கார்ந்தால் நோட்டை எப்படிப் பிரிப்பார்? புதிய வரிசையில் 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146. நான்கு மில்லிமீட்டரை அவசரத்தில் விரல் பிடிக்காது. நூறில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் தடவினால் தெரியும்படி மேடாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் நோட்டு பழசானால் அது தேய்ந்துபோகும். 10, 20, 50-இல் அந்த அடையாளமே கிடையாது. நம் சந்தையில் புழங்குவதோ அவைதான். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலி நோட்டைப் படித்துச் சொல்லும், இணையமும் வேண்டாம். ஆனால் கூட்டத்தில் ஒவ்வொரு நோட்டாகக் காட்டிக்கொண்டிருந்தால் வரிசை நகராது. கடைசியில் ஓவிய ஆசிரியர் ஒரு அட்டையில் ஒவ்வொரு நோட்டின் நீளத்துக்கும் ஒரு படியாக, படிக்கட்டுபோல் வெட்டிக் கொடுத்தார்; நோட்டை அதில் வைத்துப் பார்த்தால் எது என்று விரலுக்குத் தெரியும். விலையெல்லாம் பத்தின் மடங்கு ஆயிற்று. இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம், கைக்கே தெரியும். விலை அப்படி ஆனதில் கணக்கில் திணறும் மற்றப் பிள்ளைகளுக்கும் கல்லா பயம் போனது.

விலைப்பலகையில் படமும் எண்ணும் மட்டும் வைத்தோம். தமிழ் இன்னும் சரளமாக வராத மாணவி ஒருவர் மில் தொழிலாளர்களை இந்தியில் கூப்பிட்டு விற்றதைப் பார்த்து, அவரைத் தங்கள் குழுவுக்குத் தரும்படி அடுத்த கடையிலிருந்து ஆள் வந்தது.

வகுப்பறையில் இந்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் நம் பள்ளிக்கு வருவது சில நாட்கள்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுதுபவரும் உண்டு. குறைபாட்டுக்கான சான்றிதழ் இல்லாமல் எதுவும் கிடைக்காது. அதற்காகத் திண்டுக்கல் போய்வரும் செலவையும், பெற்றோரின் ஒருநாள் கூலி இழப்பையும் சங்கம் ஏற்றது. வரும் ஆண்டு இதை 8-ஆம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஓடுவது தாமதம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று விஷயங்கள். சந்தை முதலுக்குத் தனி வங்கிக் கணக்கு, ஆய்வகத்துக்குச் சாய்தளம், பள்ளி முடித்துத் தொழில் தொடங்க நினைக்கும் நம் பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தின் 35 சதவீத மானியம் பற்றி மாவட்டத் தொழில் மைய அலுவலரை அழைத்து ஒரு கூட்டம்.

மழையில் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற உறுப்பினர்களுக்கும், ஓவிய ஆசிரியருக்கும், கடன் சொல்லாமல் காசு கொடுத்து வாங்கிய ஊர்க்காரர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்