கயிறு கயிறாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நவீன நடனம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே மாலையில் அடுத்தடுத்து இரண்டு படைப்புகள். உடலசைவும் பொருளும் ஒலியும் ஒன்றோடொன்று எப்படி உறவாடுகின்றன என்று தேடிப் பார்க்கும் நிகழ்ச்சி. அன்று சென்னையில் அந்த அரங்கில் நானும் இருந்தேன். மகள் அங்கே வேலை பார்க்கிறாள், அவள்தான் டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். கட்டுரையாளர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேடையில் இருந்த கயிறு பந்தத்தின் குறியீடு என்கிறார். அப்புறம், பழக்கமில்லாத சாதாரண மக்களுக்கு இந்த நடனம் எட்டாது என்கிறார்.

நான் பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. என் அப்பா கரைவலை இழுத்தவர். வலையைத் தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். இரண்டு முனைக் கயிறும் கரையில் இருக்கும், பக்கத்துக்கு ஒரு வரிசை ஆட்கள். கைப்பலத்தால் மட்டும் இழுத்துவிட முடியாது. உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பார். மீன் சேரும் வலையின் பைப்பகுதியான மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு வரிசைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். பாரம் கூடினால் பாட்டு தானாக மெதுவாகும். யாரும் தாளம் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் படைப்பில் அந்தப் பெண் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கனமான தேங்காய்நார் வடம். ஒரு முனையை மேடையோரத்தில் கட்டியிருந்தார்கள், மறுமுனை அவர் இடுப்பில். பாட்டு இல்லை, மேளம் இல்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மைக். அவர் சாயச் சாய நார் முறுக்கேறி முனகும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒரு தடவை அவருடைய இடது குதிகால் வழுக்கியது. உடனே கட்டைவிரலை அகட்டி, பாதத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஊன்றினார். என்னை அறியாமல் நானும் செருப்புக்குள் காலை அழுத்திக்கொண்டேன். அப்பா ஊன்றுவதும் அப்படித்தான். கயிறு எதற்கும் குறியீடாக இருக்கவில்லை ஐயா. அதற்கு எடை இருந்தது, அந்த எடைக்கு ஒரு உடம்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கரகத்தில் செம்பை எடுத்துவிட்டால் ஆட்டம் ஏது? அந்தச் செம்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டா நாம் கரகாட்டம் பார்க்கிறோம்?

இந்த நவீன நடனம் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1985-லேயே நடனக் கலைஞர் சந்திரலேகா ‘அங்கிகா’ என்ற படைப்பில் பரதத்தோடு களரிச் சண்டைக்கலையையும் யோகத்தையும் சேர்த்து ஆடவைத்தார். அவர் வாழ்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையோரத்தில்தான்.

இரண்டாவது படைப்பு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நடனத்தையும் ஒலியையும் தனித்தனியாக உருவாக்கி மேடையில் சந்திக்க வைத்தார்களாம். அமெரிக்காவில் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் பல ஆண்டுகள் அப்படி வேலை செய்தவர்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த வழியில் தப்பில்லை. ஆனால் ஸ்பீக்கரில் விட்ட அலைச் சத்தம்தான் உறுத்தியது. எங்கள் தீவின் வடக்கே அமைதியாகக் கிடக்கும் கடலைப் பெண்கடல் என்போம், தெற்கே அலையடிக்கும் கடலை ஆண்கடல் என்போம். தனுஷ்கோடியில் நின்றால் ஒரு காதில் ஒன்று, மறுகாதில் இன்னொன்று. அந்த ஒலிப்பதிவு இரண்டிலும் சேராது. ஒலியைப் பற்றிய படைப்பு என்று சொல்லிக்கொண்டு எந்தக் கடல் என்று கேட்காமல் விட்டது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆனாலும் அதில் ஒரு இடத்தை மறக்க மாட்டேன். ஆடியவர் மூச்சை அடக்கிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தார். நெடுநேரம் கழித்து மூச்சை விட்டார், மைக்கில் அது மட்டும் கேட்டது. என் அம்மா கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போனவர். விரல்களில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு முங்குவார். சின்னப் பிள்ளையாக நான் கரையில் உட்கார்ந்து, அவர் தலை மேலே வந்து வாய் திறக்கும் அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருப்பேன். அரங்கில் என் கை மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

எட்டாது என்று கட்டுரையாளர் சொன்ன சாதாரண மக்கள் நாங்கள்தான். அதனால் உங்கள் இதழ் வழியாகக் கலைஞர்களிடமும் ஏற்பாட்டாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த முதல் படைப்பை ஒரு தடவை இங்கே கொண்டு வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம், மழையும் காற்றும் விடாது. பெரிய மேடை தேவையில்லை. வலை பின்னும் கொட்டகை போதும், மணலே ஆனாலும் சரி. ஆடி முடித்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். குதிகாலை எங்கே ஊன்ற வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல இங்கே வயதானவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சின்னப்பாலம், பாம்பன்.