பாக்கு விரிகுடாவின் சாதாளைத் தரைக்கு இரு நாட்டு உடன்படிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆழ்கடலின் உயிர்ப் பல்வகைமையைக் காப்பதற்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2026 ஜனவரி 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது நல்ல செய்தியே. ஆயினும் அது எந்த நாட்டுக்கும் உரித்தில்லாத கடலுக்கானது. மன்னார்ப் பெருநிலப்பரப்பில் வாழும் எமக்கு முன்னால் கிடக்கும் பாக்கு விரிகுடாவில் அத்தகைய கடல் ஒரு சாண் கூட இல்லை. 1974இல் வரையப்பட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் இலங்கையுடையது, அந்தப் பக்கம் இந்தியாவுடையது. ஆகவே இக்கடலையும் அதன் அடியில் வளரும் சாதாளை என்னும் கடற்புல்லையும் காக்க வேண்டிய உடன்படிக்கையைக் கொழும்பும் புதுடில்லியும்தான் தமக்குள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சாட்சியாக ஆவுளியாவைச் சொல்லலாம். தமிழ்நாட்டு அறிவிப்புகளில் கடற்பசு எனப்படும் இவ்விலங்கு நாளொன்றுக்கு 40 கிலோ வரையான சாதாளையை மேய்கிறது. ஒரு முறைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் என்பதால், வலையில் சிக்கி ஒன்று மாண்டாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்வதும் அதே சாதாளைத் தரையில்தான். தமிழ்நாடு 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தப் பக்கம் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம் 2016இலேயே அறிவிக்கப்பட்டது. (அதிலிருந்து 168 ஹெக்டயரை நீரியல் வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி 2024இல் வெளியாகி, சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்ததையும் மறப்பதற்கில்லை.) இரு கரையிலும் காவல் இருக்கிறது, இடைப்பட்ட கடலுக்குத்தான் பொதுவான விதி எதுவும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் வலையாகிய இழுவைமடி ஓடுகிறது. மடியின் வாயை விரித்து வைக்கும் கனத்த பலகைகளும் அடிக்கயிறும் கடலடியை உழுதுகொண்டு போகும்போது சாதாளை வேரோடு பெயர்கிறது, கலங்கிய சேறு எஞ்சியதன் மேல் படிகிறது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மட்டுமே அது ஓய்ந்திருக்கிறது. யூன் நடுப்பகுதி வந்ததும் எமது கடற்றொழிலாளர் மீன் வரவை விட, கோட்டைத் தாண்டி வரும் அக்கரை இழுவைப் படகுகளிடம் சிக்கும் தம் வலைகளின் கதியையே அதிகம் எண்ணுகிறார்கள். போர்க்காலத்தில் எமது படகுகள் கரையேறிக் கிடந்த ஆண்டுகளில் அக்கரைப் படகுகள் இப்பக்கம் பழகிக்கொண்டன. அவற்றில் கூலிக்கு வருபவர்களும் எம்மைப் போன்ற ஏழைத் தமிழர்களே என்பதால், கைதும் படகுப் பறிமுதலும் எமக்கு மகிழ்ச்சி தருவனவல்ல.

எம்மவர் மீதும் குற்றம் உண்டு. தடை செய்யப்பட்ட வலைகளும் வெடிவைத்துப் பிடித்தலும் இங்கு அறவே ஒழிந்துவிட்டதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அக்கரையைக் கேட்பதற்கு முன் இதை நிறுத்தும் பொறுப்பு எமது கூட்டுறவுச் சங்கங்களுக்கு உண்டு.

ஒரு நாட்டின் காவல் மட்டும் போதாது என்பதை 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய கப்பலும் காட்டியது. அதன் பின் வந்த வாரங்களில் அக்கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்ரிக் மணிகள் மன்னார்க் கரையில் ஒதுங்கின.

கடற்றொழில் தொடர்பாக இரு நாடுகளும் 2016இல் அமைத்த கூட்டுச் செயற்குழு இன்னமும் இருக்கிறது. அதன் பேச்சில் கைதும் விடுதலையுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்வதாகத் தெரிகிறது. அடுத்த அமர்விலேனும் சாதாளைத் தரைகளை இரு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து அளந்து வரைபடமாக்குவதையும், அவ்விடங்களில் கோட்டின் இரு பக்கமும் இழுவைமடியை ஆண்டு முழுவதும் விலக்குவதையும், தொழிலை மாற்றும் அக்கரைத் தொழிலாளருக்குக் கைகொடுப்பதையும் முதற்பொருளாக எடுக்க வேண்டும். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு சங்கங்களின் பேராளர்களுக்கும் இராமேசுவரம் பக்கத்துச் சிறுதொழில் மீனவர்களுக்கும் அந்த மேசையில் இடம் ஒதுக்குமாறு கடற்றொழில் அமைச்சைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மாந்தை மேற்கு வாசகர் ஒருவர்