தபால் தராசுக்கு எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் வாரவெளியீட்டில் பழம்பொருட்களின் பராமரிப்புப் பற்றி வெளிவந்த குறிப்பில், பழைய தபால் தராசுகளைப் புளி போட்டு மினுக்கி, மூட்டுகளில் தேங்காயெண்ணெய் விட்டு வைத்தால் அவை நெடுங்காலம் பழுதின்றி இருக்குமெனக் கூறப்பட்டிருந்தது. குத்துவிளக்குக்குப் பொருந்தும் இந்த ஆலோசனை தராசுக்குப் பொருந்தாது என்பதால் இதனை எழுதுகிறேன்.

பிரித்தானியாவில் தபால் சீர்திருத்தவாதி ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு நாடெங்கும் ஒரு பென்னி என்ற கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டே பெரும்பாலும் கணக்குப் பார்த்தார்கள். 1857 ஏப்ரல் 1 இல் வெளியான இலங்கையின் முதல் முத்திரையில் குறித்திருந்த ஆறு பென்ஸும் இங்கிலாந்துக்குச் செல்லும் அரை அவுன்ஸ் கடிதத்தின் கட்டணமே. அரை அவுன்ஸ் என்பது 14 கிராமுக்குச் சற்றே மேல். அந்த எல்லையை ஒரு துண்டுத் தாள் தாண்டிவிட்டாலும் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். உராய்வு மிகுந்த தராசு, தாண்டிய கடிதத்தையும் தாண்டாததென்று காட்டும். தட்டை விரலால் ஒருமுறை தட்டினால் வேறு விடை சொல்லும். ஆகவே தபால் தராசில் உராய்வு என்பது காசு சம்பந்தப்பட்ட விடயம்.

நாம் அதிகம் காணும் தபால் தராசு, பிரெஞ்சுக் கணிதவியலாளர் ரோபெர்வால் 1669 இல் முன்வைத்த அமைப்பைச் சேர்ந்தது. மேலே ஒரு கோலும் அடியில் அதற்குச் சமாந்தரமான இன்னொரு தண்டும் சேர்ந்து இணைகரமொன்றை ஆக்குவதால், கோல் சரிந்தாலும் அதன் மேலிருக்கும் தட்டுகள் சரிவதில்லை. கடிதத்தைத் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் ஒரே நிறைதான் வரவேண்டும் என்பது கோட்பாடு. ஆனால், நீண்ட உறையொன்று ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும்போது அடித்தண்டை மூட்டுகளில் இணைக்கும் ஊசிகள் பக்கவாட்டில் நெருக்கப்படுகின்றன. அந்த நெருக்கம் உராய்வாகி, தராசு மந்தமாகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் பெரான்ஜே, துணைக் கோல்களைக் கத்தி விளிம்புகளில், அதாவது கத்தியின் வாய்போலக் கூரான உலோக விளிம்புகளில், தாங்கவைத்து இதனை வெகுவாகக் குறைத்தார். எனினும் கத்தி விளிம்பும் காலப்போக்கில் மழுங்கும். நம் ஊரின் உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும்.

உவர்மலையில் எனக்குத் தெரிந்த குடும்பமொன்றிடம் உள்ள அமெரிக்கத் தராசு இந்த இரு வகையிலும் சேராதது. அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஊசியும் இல்லை, கத்தி விளிம்பும் இல்லை; உலோகச் சட்டங்களில் இறுக இழுத்துக் கட்டிய, விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத உருக்கு நாடாக்கள் மாத்திரமே உள்ளன. வீணையின் தந்தியைப் போல விறைத்து நிற்கும் அந்த நாடாக்களின் நடுவில் கோல்கள் இறுக்கிப் பொருத்தப்பட்டுள்ளன. கோல் சரியும்போது நாடா முறுகுகிறதேயன்றி, எதுவும் எதன் மீதும் உரசுவதில்லை. சின்சினாட்டியைச் சேர்ந்த ரோடர், ஸ்பிரிங்கர் என்ற இருவர் 1880களில் உருவாக்கிய முறுக்கத் தராசு இவ்வகையினது.

முறுகிய நாடா தன் பழைய நிலைக்குத் திரும்பவே முயலும். அப்படியானால் சிறு நிறை வேறுபாட்டுக்குத் தராசு அசையாதே என்று வாசகர்கள் கேட்கலாம். அவ்விருவரின் கெட்டித்தனம் அங்கேதான் இருக்கிறது. கோலுக்கு மேலே ஒரு சிறு நிறையை வைத்து, ஈர்வை மையத்தை, அதாவது முழுப் பாரமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியை, தாங்குபுள்ளிக்கு மேலே உயர்த்தினார்கள். தனியே விட்டால் அந்த நிறை கோலைக் கவிழ்த்துவிடும். நாடாவோ அதனை நிமிர்த்தப் பார்க்கும். இரண்டையும் ஏறத்தாழச் சமன் செய்துவிட்டால், மிகச் சிறிய வேறுபாட்டுக்கும் கோல் இணங்கிச் சரிகிறது. நான் பாடசாலையில் கற்பித்த காலத்தில் தராசின் ஈர்வை மையம் தாங்குபுள்ளிக்குக் கீழேயே இருக்க வேண்டுமென்று மாணவர்களுக்குப் பலமுறை வலியுறுத்தியிருக்கிறேன். அந்த விதி இங்கே தலைகீழாக நின்றும் தராசு ஒழுங்காக நிறுக்கிறது.

இத்தகைய தராசில் எண்ணெய் விடுவதற்கு மூட்டே கிடையாது. கத்தி விளிம்புத் தராசில் விட்டாலோ, எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகி, விளிம்பு தங்கும் பள்ளத்தை அடைத்துவிடும். புளி அதைவிடக் கேடானது. மினுக்கும் ஒவ்வொரு முறையும் பித்தளைப் படிக்கற்கள் சிறிது தேய்வதால் அவற்றின் நிறை பொய்த்துவிடும். உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைப்பதே போதுமானது. மாரிக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலமொன்றுடன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது நல்லது, ஏனெனில் விறைத்த நாடாவின் ஓரத்தில் துரு ஏறினால் அது அறுந்துபோகக்கூடும். வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதாயின் தட்டுகளைக் கழற்றி, பூட்டும் நெம்பு இருந்தால் கோலைப் பூட்டிய பின்னரே தராசைத் தூக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
திருகோணமலை.