சந்திரகிரிக்கும் ஒரு பொழுது ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்நாடகத்துச் சமணத் தலமான சிரவணபெளகொளா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 57 அடி உயரக் கொம்மட்டேசுவரர் சிலையின் அழகை மனம் நிறையச் சொல்லியிருந்தது. ஆனால் எதிரே இருக்கும் சின்ன மலையான சந்திரகிரியை ஒரே வரியில் கடந்துவிட்டது. பெங்களூருத் தமிழர்களாகிய நாமும் அதையேதான் செய்துவருகிறோம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் பேளூர், ஹளேபீடு, சிரவணபெளகொளா மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேன் பிடிக்கிறோம். சிலை நிற்கும் பெரிய மலையான விந்தியகிரியின் அறுநூற்றுச் சொச்சம் படிகளை ஏறி இறங்கியதும் முழங்கால் ஓய்ந்துவிடுகிறது, டிரைவரும் அவசரப்படுத்துகிறார். சின்ன மலை விடுபட்டுப் போகிறது.

உண்மையில் அந்தச் சின்ன மலைதான் மூத்தது. கங்க மன்னன் ராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் சிலையைச் செய்வித்தது 10ஆம் நூற்றாண்டின் இறுதியில். சந்திரகிரியில் பார்சுவநாதர் பசதியை (சமணக் கோயிலை) அடுத்த பாறைக் கல்வெட்டோ ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்தது. வடக்கே பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரப்போகிறது என்று சமணத் துறவி பத்திரபாகு முன்னறிந்து சொன்னதையும், சமணச் சங்கம் தெற்கே வந்ததையும், எழுநூறு முனிவர்கள் இங்கே உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டதையும் அது சொல்கிறது. பத்திரபாகுவோடு வந்து இம்மலையில் துறவியாக வாழ்ந்தவர் சந்திரகுப்த மௌரியர் என்பது சமண மரபு. அந்த வரலாற்றைச் சந்திரகுப்த பசதியின் கற்சாளரங்களில் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார் தாசோஜா என்ற சிற்பி. பொறுமையாக நின்றால்தான் அவை பிடிபடும். பத்து நிமிட அவகாசத்தில் ஓடிவருகிறவருக்குத் தெரிவது வெறும் ஓட்டைக் கல்தான்.

இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்ன மலையில்தான் இருக்கின்றன. பல கல்வெட்டுகள் நோன்பிருந்து மறைந்தவர்களின் நினைவைச் சொல்பவை. துறவியரும் பெண் துறவியரும் மட்டுமல்ல, ராஷ்டிரகூட மரபின் கடைசி அரசனான நான்காம் இந்திரனும் 982இல் இவ்வூரில்தான் அப்படி உயிர்நீத்தான். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையைப் பள்ளியில் படித்து நெகிழ்ந்த நமக்கு, இந்தப் பாறையெழுத்துகளின் முன் நிற்கும்போது எதுவும் அந்நியமாகத் தோன்றாது.

தமிழுக்கு இங்கே இருக்கும் இடம் இன்னும் நேரடியானது. கொம்மட்டேசுவரரின் காலடியில் கன்னடத்திலும் மராத்தியிலும் இருப்பது போலவே, ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்று கிரந்த எழுத்தும் பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தும் கலந்த தமிழ் வரி ஒன்றும் இருக்கிறது. ஊருக்குள் உள்ள சமண மடத்தின் உலோகத் திருமேனிகள் பலவற்றில் கிரந்த, தமிழ் எழுத்துகளைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சமணர்கள் காணிக்கையாகக் கொடுத்தவை அவை. இங்கிருந்து ஊருக்குத் திரும்பிப் போகும் எத்தனை தமிழர்கள் இதை அறிந்து போகிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஹளேபீட்டின் கதையும் இதேதான். ஹொய்சளேசுவரர் கோயிலோடு திரும்பிவிடுகிறோம். அருகிலேயே பசதிஹள்ளியில் கண்ணாடி போல் மின்னும் கரிய கல் தூண்களோடு மூன்று சமணக் கோயில்கள் வெறிச்சோடி நிற்கின்றன.

சுற்றுலா ஏற்பாடு செய்யும் நம் தமிழ் அமைப்புகள் சிரவணபெளகொளாவுக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். 2017இல் ரயில் பாதை திறந்த பிறகு வேனை நம்பியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செருப்பில்லாமல் ஏற வேண்டிய பாறை, நண்பகலில் சுட்டெரிக்கும். அதனால் காலையில் சந்திரகிரி, அடுத்து மடம், வெயில் தாழ்ந்ததும் பெரிய மலை என்று வைத்துக்கொள்ளலாம். சிலைக்கு நடக்கும் பெருந்திருமுழுக்கான மகாமஸ்தகாபிஷேகம் அடுத்து 2030இல் வருகிறது. அந்தக் கூட்டத்தில் எந்தக் கல்வெட்டையும் நின்று படிக்க முடியாது. அதற்கு முன்பே போய்வருவது நல்லது.

காலடியில் உள்ள அந்தத் தமிழ் வரியின் படத்தையும் வாசகத்தையும் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.