புளியந்தீவின் பழைய ஆலய வளவுகளில் புதிர்த் தேடல் நடத்த அனுமதி வேண்டும் மடல்

மட்டக்களப்பு, புளியந்தீவிலுள்ள ஆலயங்களின் குருமார்களுக்கும் பரிபாலன சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கோட்டை வாசலில் தொடங்கி, மெதடிஸ்த மத்திய கல்லூரியைக் கடந்து, உங்கள் ஆலய வளவுகளிலுள்ள பழைய கல்லறைகளிடையே நிறைவுறும் புதிர்த் தேடலொன்றை, 12 முதல் 16 வயது வரையான மாணவர்களுக்காக நடத்துவதற்கு, ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் உங்கள் அனுமதியை வேண்டுகிறோம்.

இதை நாம் ‘புதையல் வேட்டை’ என்று அழைக்கப்போவதில்லை. பழைய இடங்களில் இரவில் புதையல் தோண்டிப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளை அடிக்கடி வாசிக்கும் நாட்டில், அந்தச் சொல் உங்களுக்கு அச்சத்தைத் தருவது நியாயமே. எங்கள் தேடலில் எதுவும் புதைக்கப்படாது. எவரும் மண்ணைக் கிளறமாட்டார்கள். விடைகள் யாவும் கற்களின் மேல் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவை.

புதிர்கள் எப்படி அமையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட 1924இலிருந்து மத்திய கல்லூரி தொடங்கிய 1814ஐக் கழித்தால் வரும் 110, அடுத்த இடத்துக்கு எத்தனை அடி நடக்கவேண்டும் என்பதைச் சொல்லும். ரோம எண்ணில் பொறித்த ஆண்டொன்றைப் பிள்ளைகள் வாசித்தறிய வேண்டியிருக்கும். தும்பிக்கை போல் வளைந்த கொம்புடன் பழைய முறையில் வெட்டப்பட்ட ‘லை’யையும் ‘ணை’யையும் இனங்காணாமல் வேறொரு புதிரை அவிழ்க்க முடியாது, இன்றைய பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த எழுத்துகளைக் கண்டதேயில்லை. மத்திய கல்லூரியை நிறுவிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அவர்களின் சிலையை நாள்தோறும் கடந்து செல்லும் மாணவர்களுக்கு, 1814 யூன் மாத இறுதியில் காலியில் கரையிறங்கி, பின்னர் இங்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கிய அவர், 1815 ஏப்ரல் 1ஆம் திகதியே இவ்வூரில் உயிர்நீத்தார் என்பது தெரியாது. அந்த இரண்டு திகதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களை ஒரு பிள்ளை தன் விரல்களில் எண்ணிப் பார்க்கும் கணத்துக்காகவே இத்தனை ஏற்பாடும் என்று சொன்னாலும் தகும்.

ஒரு தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்றதொரு முயற்சியில், என்னுடன் வந்த மாணவன் ஒருவன் பாசி படர்ந்த கல்லை வாசிப்பதற்காக நாணயத்தால் சுரண்டிவிட்டான். வாவியின் உப்புக்காற்றில் ஏற்கெனவே இளகியிருந்த மேற்பரப்பு எழுத்தோடு உதிர்ந்தது. முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காத பிழை என்னுடையது. அந்தக் கல் இன்றும் என் மனதை உறுத்துகிறது.

ஆகவே இம்முறை சுண்ணக்கட்டி, கம்பித்தூரிகை, வெளிற்றும் திரவம் எதுவும் வளவுக்குள் வராது. முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து விழுத்தினால், தேய்ந்த எழுத்தும் நிழலால் எழும்பித் தெரியும். கல்லைத் தொடவேண்டிய தேவையே இராது. அப்படியும் தெரியாதவற்றை, இலங்கையின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் ஜே. பென்றி லூயிஸ் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் எவற்றைக் குற்றமாகக் கொள்கிறது என்பதும் பிள்ளைகளுக்கு முதலிலேயே விளக்கப்படும்.

அண்மைக்காலக் கல்லறைகள், குறிப்பாக யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளிலும் உயிரிழந்தோருடையவை, எந்தப் புதிரிலும் இடம்பெறமாட்டா. அவற்றின் அருகே மெழுகுதிரி ஏற்ற வரும் உறவினர் எவரையும் ஓடித்திரியும் பிள்ளைகள் சங்கடப்படுத்தக் கூடாது. தவக்காலத்தையும் நவம்பர் மாத ஆன்மாக்கள் நினைவு நாட்களையும் தவிர்த்து, மழை ஓய்ந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், பூசையோ ஆராதனையோ இல்லாத ஒரு காலைப்பொழுதைத் தந்தால் போதும். இந்து, முஸ்லிம் மாணவர்களும் வருவார்கள் என்பதால், வளவில் காலணி, உடை, பேச்சு பற்றிய உங்கள் ஒழுங்குகளை எழுத்தில் தந்தால் அவற்றை அழைப்பிதழிலேயே அச்சிடுவோம்.

முடிவெடுக்கும் முன், ஒவ்வோர் ஆலயத்திலிருந்தும் ஒருவர் எங்களோடு வளவைச் சுற்றி நடந்து, எந்தக் கற்களின் அருகே பிள்ளைகள் போகலாம், எவற்றின் அருகே போகக்கூடாது என்று குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் விலக்கும் கல் எதுவாயினும், காரணம் கேளாமல் அதை விட்டுவிடுவோம்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.