பிரேக் சத்தத்துக்கு உப்புத்தாள் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால வாகனப் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரை, பிரேக்கில் சத்தம் வந்தால் பேடை (டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் உராய்வுக் கட்டையை) உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிடுங்கள். தேய்த்தால் சில நாள் சத்தம் அடங்கும். கோளாறு உள்ளேயே இருக்கும்.

இரவு மழையில் நின்ற கார், காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரத்துவிட்டு அடங்கினால் பயமில்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டு வார்ப்பிரும்பு. ஓரிரவு ஈரத்திலேயே மேல்துரு படியும், பேட் அதை வழித்துவிடும். அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

புது பேடின் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்புத் தகடு உண்டு. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே வைத்தது. அதை வளைத்துவிட்டுச் சத்தத்தை அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து இரும்போடு இரும்பு உரசும், டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

உள்பக்கப் பேடைக் கட்டாயம் பாருங்கள். சக்கரத்தின் இடைவெளியில் எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பேட் மட்டுமே. வெளிப்பேட் நன்றாக இருந்து உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால், முதல் சந்தேகம் காலிப்பரின், அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியின், கைடு பின் மேல்தான். கவ்வி வழுக்கி நகர்வது அந்தப் பின்னில்தான். பின்னைக் கையால் தள்ளினால் வழுக்கிப் போய்வர வேண்டும். இறுகியிருந்தால் உருவித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் கூடவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் ரப்பரை உப்ப வைத்து, பின்னை மறுபடி இறுக்கிவிடும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தால் அதன் வழியே தண்ணீர் இறங்கும், அதையும் மாற்றுங்கள்.

மிதித்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தால் பேடைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம். கிளிப் சரியாக இருந்தால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேடை இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தக் கொடுக்கும்முன் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தோடு அளந்து ஒப்பிடுங்கள். புதுப் பேட் போடுவதற்காகக் காலிப்பரின் பிஸ்டனை (பேடைத் தள்ளும் உருளையை) உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழியக்கூடும், பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். எல்லாம் மாட்டியபின், வண்டியை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இல்லாவிட்டால் முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போய்விடும், வண்டி நிற்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை