தம்பி, அந்த ரைபிள் படம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. தேவிபட்டினத்தில் நல்ல மழை, ஊரணி நிரம்பிவிட்டது. அம்மாவுக்குக் கால்வலி பழையபடிதான். நீ அனுப்பிய படம் பார்த்தோம். புது ரைபிளைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாய். பின்னால் சமையல் மேடையில் ஒரே ஒரு தட்டு.

விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் 9 நாள்தான் என்றாய். .308 அங்குலக் குண்டு போடும் ரைபிள் வாங்கியது சரி. மலிவாகக் கிடைக்கிறதென்று ராணுவத்தின் ‘ball’ தோட்டாவை மட்டும் போட்டுவிடாதே. அதில் மூக்கு வரை செம்பு உறை மூடியிருக்கும், விரியாது. அரிசி மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்த மாதிரி நுழைந்து மறுபக்கம் போய்விடும். மான் எங்கோ புதரில் கிடந்து சாகும். போரில் விரியும் குண்டு கூடாதென்று 1899-இல் ஹேக் மாநாட்டில் முடிவானது. ராணுவத்தில் நாங்கள் சுட்டதெல்லாம் அந்தக் கணக்கு. வேட்டையில் நேர்மாறு, அங்கே பல மாநிலங்களில் விரியாத குண்டுக்குத்தான் தடை.

சாஃப்ட் பாயிண்ட் குண்டு, 150 கிரெய்ன் எடையில் வாங்கு. மூக்கில் ஈயம் வெளியே தெரியும். பட்டதும் அது நசுங்கி, உறை வாழைப்பூ மடல் மாதிரி பின்னால் மடங்கி, 8 மில்லிமீட்டர்கூட இல்லாத குண்டு 15-க்குப் பக்கம் அகலமாகும். அதற்கு வேகம் வேண்டும். விநாடிக்கு 1800 அடிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான குண்டு ஒழுங்காகத் திறக்காது, அதனால் தூரத்து மானுக்கு ஆசைப்படாதே. ரொம்பக் கிட்டத்தில் தோள் எலும்பில் பட்டால் வேறு சிக்கல்: மெத்தென்ற குண்டு சிதறி மேலோடு பெரிய புண்ணாக்கி நின்றுவிடும், நுரையீரலுக்குப் போகாது. ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டு அதைத் தாங்கும்.

மான் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்காலுக்குப் பின்னால் ஒட்டி, உடம்பில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். குண்டு மறுபக்கம் வெளியே வந்தால் ரத்தத் தடம் நன்றாக விழும். அதனால் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று முதலில் பார். சுட்டதும் ஓடாதே, அரை மணி நேரம் உட்கார். நுரை கலந்த வெளிர் ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். பச்சைக் கழிவும் நாற்றமும் என்றால் வயிறு. 8 மணி நேரமாவது பொறு. புண்ணைச் சுற்றிய கறியைத் தாராளமாக வெட்டி எறி, கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் அதில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்று. ரைபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். சுவரில் சாத்தாதே. சீசன் முடிந்ததும் கூட வேட்டைக்கு வருகிற நண்பர் வீட்டிலேயே வைத்துவிடேன்.

உன் குறி தப்பாது. என்.சி.சி.யில் நீ சுட்ட அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபோன் போட இரண்டு நிமிடம் இல்லையா?

கேட்க எனக்கு வாயில்லை. மார்ச்சில் நடுராத்திரி நீ கூப்பிட்டாய். பெயரைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுப் படுத்தேன். அம்மாவிடம் ராங் நம்பர் என்றேன். அந்தப் பிள்ளை உன்னை விட்டுப் போனதற்கு உன்மேல்தான் கோபம் எனக்கு. என்ன நடந்ததென்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தாய் என்று ஒரு வரி எழுது. தோட்டா வேறு பூட்டில். ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு, எடுப்பேன்.

அப்பா